ஆட்டுக்கால் சூப்பும் உரிந்த ஜரிகையும்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதிதான். மீதிப் பாதியில் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்க என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அங்கிருந்து கிளம்பி நான் என்னென்ன செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு விட்டுப்போய்விட்டது என்று யாரும் சொல்லக் கூடாது.

அடுத்தவர் தறியில் கூலிக்கு நெய்தவன், சொந்தமாகப் பதினொரு தறி போட்டேன். பக்கத்து ஊர் முள்ளிப்பட்டில் இருபது வீட்டுக்குப் பாவு நூல் கொடுத்து நெய்து வாங்குகிறேன். மழை வந்தால் தறிக்குழியில் தண்ணீர் நிற்கும் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டினேன். இன்ஜினியர் போட்ட படத்தில் படிக்கட்டு தப்பான இடத்தில் இருந்ததை நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். எங்கள் தெருவில், புடவையில் டிசைன் எடுக்கும் கம்ப்யூட்டர் ஜக்கார்டு வாங்கிய முதல் ஆள் நான். அது ஆரணிக்கு ஒத்துவராது என்று சொன்னவர்கள் அத்தனை பேரும் பிறகு என் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பார்த்தார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் டிசைன் போடக் கற்றுக்கொண்டு வா என்று என் ஒரே பெண்ணைச் சென்னைக்கு அனுப்பியதும் நான்தான். அவள் போட்ட மயிலும் யானையும் இன்று எத்தனையோ கல்யாணங்களில் மணப்பெண் தோளில் உட்கார்ந்திருக்கின்றன.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஒரு வியாதியைப் பாமர மனிதனுக்கும் புரிகிற மாதிரி விளக்கும் வழியை நான் கண்டுபிடித்தேன். இப்போது அது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சுவரில் ஒட்டியிருக்கிறது. என் பெயர் இல்லாமல்.

விஷயத்துக்கு வருகிறேன்.

என் பெண்ணுக்கு அப்போது முப்பத்தொரு வயது. வரன்கள் வந்துகொண்டிருந்தன. ஒரு நாள் காலை, தறியிலிருந்து அறுத்த அரக்குப் புடவையைக் கையில் எடுத்துப் பார்த்தவள், "இன்னாப்பா இது, செங்கல் கலர்ல இருக்குது?" என்றாள். நான் அந்த நிமிடமே வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சாயக்காரரிடம் சண்டை போட்டேன். அவர் பாவம், மூன்று பேரைக் கூப்பிட்டுப் புடவையைக் காட்டினார். மூன்று பேரும் அரக்கு என்றார்கள். மூன்று பேரையும் அவருடைய ஆட்கள் என்று திட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் அவள் ஒரு கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு புடவையைப் பார்க்கிறாள், பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாள். "வலது கண்ணுல அரக்குதான்ப்பா. இடதுலதான் செங்கலு" என்றாள்.

சாயக்காரரிடம் இன்று வரை மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு என் எல்லாச் சாயமும் அவரிடம்தான். அவருக்குப் புரிந்திருக்கும்.

கண்ணுக்குப் பிறகு கால் மரத்தது. நான் கண்டுபிடித்து இடம் மாற்றிய அதே படிக்கட்டில் தடுக்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், முதுகிலிருந்து நீர் எடுத்தார்கள். கடைசியில் நரம்பு டாக்டர் எங்களை உட்கார வைத்து, எம்.எஸ். என்று சொன்னார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பின் மேல் ஓர் உறை இருக்கிறதாம், உடம்பே அதை எதிரி என்று நினைத்து அங்கங்கே உரித்துவிடுகிறதாம். "கரன்ட் ஒயர் மேல பிளாஸ்டிக் உரிஞ்சா எப்படியோ, அப்படி" என்றார். எனக்குப் புரியவில்லை. ஒயர் உரிந்தால் ஷாக் அடிக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு வீடு வந்து சேரும் வரை, அவளைத் தொட என் மனைவி யோசித்தாள். ஒயர் என்று சொன்னதால் வந்த வினை.

ஐந்து நாள் ஊசி ஏற்றினார்கள். அந்த மருந்து உடம்புக்குள் போனதும் என் பெண் மாறிவிட்டாள். வாய் ஓயாமல் பேசினாள். சமையலறை அலமாரியை இரண்டு தடவை அடுக்கினாள். தறிக்கூடத்துக்கு வந்து, பதினொரு தறியையும் இடம் மாற்றி வைத்தால் எவ்வளவு லாபம் என்று எனக்கே பாடம் எடுத்தாள். "இப்பதான் என் பொண்ணு மாதிரி இருக்கா" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். பிறகுதான் டாக்டர் சொன்னார், அது மருந்து செய்கிற வேலையாம். அப்படியானால் நான் பிறந்ததிலிருந்து அந்த மருந்து இல்லாமலே அப்படி இருக்கிறேன் என்று சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை.

மருந்து இறங்கியதும் அவளும் இறங்கினாள்.

இந்த இடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். என் புத்திசாலித்தனத்தால் செய்தேன். வரன் வருகிற நேரத்தில் பெரிய வியாதி என்று பேச்சுப் பரவினால் என்ன ஆகும். அதனால் கேட்டவர்களுக்கெல்லாம், "கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்துகினு இருந்தா இல்ல, கழுத்து எலும்பு தேஞ்சிப்போச்சு" என்று சொன்னேன். மனைவியும் மகளும் அதையே சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டேன்.

கழுத்து எலும்பு என்ற வார்த்தைக்கு ஆரணியில் இவ்வளவு மருந்து இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எதிர் வீட்டு மச்சான்தான் ஆரம்பித்து வைத்தார். முறைக்குத்தான் மச்சான், சொந்தம் எதுவும் கிடையாது. முப்பது வருடமாக என் தறியில் நெய்கிறவர். அடுத்த நாளே ஒரு தூக்கு நிறைய ஆட்டுக்கால் சூப்பு கொண்டுவந்தார். "எலும்புக்கு எலும்பு, மச்சான். நாப்பத்தெட்டு நாள் குடிச்சா நட்டுக்கினு நிக்கும்" என்றார். அதற்கு அடுத்த நாள் பக்கத்து வீட்டிலிருந்து பிரண்டைத் துவையல். களம்பூர் அரிசி ஆலையில் வேலை செய்யும் தூரத்து உறவு ஒருவர், கழுத்தைச் சொடுக்கி எடுக்கத் தெரியும் என்று பஸ் ஏறியே வந்துவிட்டார். அவரைக் காப்பி கொடுத்து அனுப்புவதற்குள் உயிர் போயிற்று. வருகிற பெண்கள் எல்லாரும் முதலில் என் மகளின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். பிறகு தலையை இடமும் வலமும் ஆட்டச் சொல்வார்கள். அவள் ஆட்டுவாள்.

கொஞ்ச நாளில் அவள் ஆட்டுவதையும் நிறுத்திவிட்டாள்.

அறையை விட்டு வெளியே வரவில்லை. குளிக்கச் சொன்னால் நாளைக்கு என்பாள். கம்ப்யூட்டரின் மேல் துணி போர்த்தியே கிடந்தது. ஒரு நாள் தட்டில் சோறு போட்டு வைத்தால் அதைப் பார்த்து அழுதாள், என்ன என்று கேட்டால் தெரியவில்லை என்றாள். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். தறி சும்மா கிடக்கக் கூடாது, மனிதரும் சும்மா கிடக்கக் கூடாது. தினம் காலை அவள் அறை வாசலில் நின்று, நான் கூலிக்கு நெய்த காலத்துக் கதையைச் சொன்னேன். காய்ச்சலோடு மூன்று முழம் நெய்த கதை. தறிக்குழியில் முழங்கால் தண்ணீரில் நின்று நெய்த கதை. அவள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். குளிர்கிறது போல என்று நினைத்தேன். சித்திரை மாதம் அது.

சித்திரை என்றதும் நினைவுக்கு வருகிறது. தறி ஓடும் வீட்டில் நாங்கள் பகலில் மின்விசிறி போட விட மாட்டோம். காற்றுப் பட்டால் நூல் காய்ந்து அறுபடும். அவள் அறை தறிக்கூடத்தை ஒட்டி இருக்கிறது, நடுவில் கதவு கிடையாது. அதனால் அவளுக்கும் விசிறி கிடையாது. இந்த வியாதிக்குச் சூடு ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் இருந்ததாம். ஐந்தாம் வகுப்பில் பாதி படித்தவன் இங்கிலீஷ் சீட்டை எப்படிப் படிப்பேன். படிக்கத் தெரிந்தவள் சொல்லவில்லை. அவள் அப்போது எதையுமே வேண்டும் என்று கேட்பதை நிறுத்தியிருந்தாள்.

பிறகு ஒரு நாள் காலையில் அவளாகவே எழுந்து வந்தாள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். "அப்பா, என் டிசைன் எல்லாம் எந்தெந்த ஃபைல்ல இருக்குதுன்னு எழுதி வெச்சிருக்கேன். பாஸ்வேர்டும் இருக்குது. இனிமே யாரு வந்தாலும் பாத்துக்கலாம்" என்றாள். பக்கத்துக்குப் பக்கம் வரிசை எண் போட்டு, அடிக்கோடு இட்டு, அவ்வளவு சுத்தமாக இருந்தது. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நேராக எதிர் வீட்டுக்குப் போய் மச்சானிடம் காட்டினேன். "பாத்தியா, ஒடம்பு முடியாதப்பவும் எவ்ளோ பொறுப்பு. என் ரத்தம்."

"சூப்பு வேல செய்யுது மச்சான்" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து மனைவியிடமும் காட்டினேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நோட்டைப் பார்த்தவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "ஏங்க, இது பொறுப்பு இல்லீங்க. அவ எல்லாத்தையும் ஒப்படைச்சுட்டுக் கெளம்பறா" என்றாள்.

"எங்க கெளம்பறா? சென்னைக்கா?"

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாற்பது வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. "ஜல்தியா வண்டி சொல்லுங்க" என்றாள். ஈரக் கையோடு போய் மகள் அறையில் உட்கார்ந்துகொண்டாள். வண்டி வரும் வரை எழுந்திருக்கவில்லை. களைந்த அரிசி அப்படியே தண்ணீரில் கிடந்தது.

நரம்பு டாக்டர் நோட்டைப் பார்த்தார், அவளோடு பேசினார், அதே மாடியில் மனநல டாக்டரம்மாவிடம் அனுப்பினார். நான் வாசலிலேயே மறித்துக்கொண்டேன். "அவளுக்கு நரம்புல வியாதிங்க. மனசு நல்லா இருக்குது. எங்க வம்சத்துல யாருக்கும் அந்த மாதிரி கெடையாது."

"எம்.எஸ். இருக்கறவங்க நெறைய பேருக்கு இது வருதுங்க ஐயா" என்றார் நரம்பு டாக்டர். "வியாதி வந்துச்சேன்னு கவலைப்படறது மட்டும் காரணம் இல்ல. நரம்பு எந்த எடத்துல உரியுதோ, அதுவும் காரணம். இதுவும் அந்த வியாதியோட ஒரு பாகம்தான். கால் மரத்தா வைத்தியம் பாக்கறோம் இல்ல, இதுக்கும் பாக்கணும்."

மனநல டாக்டரம்மா முதலில் அவளிடம் தனியாகப் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். தூக்கம் எப்படி என்று கேட்டார். "நாலு மணிக்கே எழுந்துக்குவா, எங்க குடும்பமே அப்படித்தான்" என்றேன். சாப்பாடு எப்படி என்றார். ஆட்டுக்கால் சூப்பைப் பற்றி விவரமாகச் சொன்னேன். அப்படியே பதினொரு தறி, மாடி வீடு, படிக்கட்டு எல்லாம் வந்துவிட்டது. ஜக்கார்டு வாங்கிய கதைக்கு வந்தபோது அவர் மெதுவாக, "ஐயா, நான் அவங்களைக் கேட்டேன்" என்றார்.

பிறகு அவர் என் பெண்ணைப் பார்த்து நேராக ஒரு கேள்வி கேட்டார். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று. எனக்கு ஆத்திரம் வந்தது. வாய் திறந்தேன். அதற்குள் அவள், மின்சார பில் கட்டியாயிற்றா என்று கேட்டால் பதில் சொல்கிற மாதிரி, "தோணுது டாக்டர். கொஞ்ச நாளா" என்றாள்.

திறந்த வாயை மூடினேன். அதன் பிறகு அந்த அறையில் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இதன் எடை தெரியும்.

"சொன்னீங்களே, அது ரொம்ப நல்லது" என்றார் டாக்டரம்மா. மாத்திரை எழுதினார், உடனே கேட்காது, சில வாரம் ஆகும் என்றார். வாரம் ஒரு முறை வந்து பேச வேண்டும். அது வரை யாராவது கூடவே இருக்க வேண்டும். பிறகு என்னிடம் திரும்பி, "இந்த வியாதி ஊர்ல யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார்.

"ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாதுங்க. அவ்ளோ பத்திரமா வெச்சிருக்கேன்" என்றேன், பெருமையாகத்தான்.

"வியாதியப் பத்திரமா வெச்சீங்க. அவங்களையும் சேத்து உள்ள வெச்சு பூட்டிட்டீங்களே."

யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பது அவள் முடிவுதான் என்று டாக்டரம்மா சொன்னார். என் பெண் யோசிக்கவே இல்லை. "அப்பா எல்லாருக்கும் சொல்லிடட்டும் டாக்டர். கழுத்து நல்லா இருக்குதுன்னு யாராவது சொன்னா போதும். ஒரே பேஜாரு."

வீட்டுக்கு வந்த அன்றே தறிக்கூடத்துக்கும் அவள் அறைக்கும் நடுவில் கதவு போட்டேன், ஏ.சி. மாட்டினேன். எங்கள் தெருவில் தறிக்கு ஒட்டின அறையில் ஏ.சி. வைத்த முதல் ஆளும் நான்தான். அதையும் மேலே சொன்னதோடு சேர்த்துக்கொள்ளவும். அடுத்தது, ஊருக்குச் சொல்வது எப்படி என்று யோசித்தேன். வீடு வீடாகப் போனால் ஒவ்வொருவரும் ஒரு மருந்து சொல்லி நடுவிலேயே நிறுத்திவிடுவார்கள். என் மூளைக்கு ஒரு வழி கிடைத்தது.

எங்கள் தெருவில் பாவு நீட்டும் வழக்கம் உண்டு. விடிந்ததும் புது நூலைத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் காய வைக்க வேண்டும். யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் தெருவே வந்து இரண்டு பக்கமும் நின்று பிடிக்கும். கஞ்சி காயும் வரை யாரும் கையை எடுக்க முடியாது, இடத்தை விட்டு நகர முடியாது. நான் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும்.

மூன்றாம் நாள் பாவு நீட்டினேன். பத்துப் பன்னிரண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் பெண் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அவள் அம்மா. காலை நேரம், வெயில் இல்லை. கஞ்சி போட்டு முடித்ததும் நான் நடுவில் நின்று சொன்னேன்.

"ஒரு விஷயம். பாப்பாவுக்குக் கழுத்து எலும்பு தேயல. நான் பொய் சொன்னேன். அது எம்.எஸ்.னு ஒரு நரம்பு வியாதி."

"மொதல்ல தொத்து நோய் இல்லன்னு சொல்லுப்பா. அந்தக் கோடியில ரெண்டு பேரு பாவ விட்டுடப் போறாங்க" என்றாள் அவள் நாற்காலியிலிருந்து.

சொன்னேன். எதிர் வீட்டு மச்சான் நூலைப் பிடித்தபடியே, "நரம்புல இன்னா மச்சான்?" என்று கேட்டார். ஒயர் என்று சொல்ல வாயெடுத்தவன், என் கைக்கு அருகில் ஓடிய நூலைப் பார்த்தேன். அப்போதுதான் அது வந்தது. யாரும் சொல்லித்தரவில்லை. படிப்பில் வந்ததும் இல்லை.

"ஜரிகை எப்படி இருக்குது? நடுவுல பட்டு நூலு, மேல வெள்ளி சுத்தி இருக்குது. வெள்ளி அங்கங்க உரிஞ்சா இன்னா ஆவும்? நூலு அறாது. ஆனா மினுக்கு போய்ச் சேராது, நெய்யறப்போ அங்கங்க சிக்கும். அவ நரம்பு அந்த மாதிரி."

தெரு மொத்தமும் தலையாட்டியது. ஸ்கேன் எடுத்த ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்தில் முடியாததை ஒரு கஞ்சி காய்வதற்குள் முடித்தேன்.

மச்சான் விடவில்லை. "காலு மரத்துச்சு, கண்ணு மங்குச்சு, சரி. ஊட்டுக்குள்ளயே படுத்துகினு அழுவுறது ஏன்?"

"ஒரே கண்டுல சுத்தின ஜரிகைதானே பார்டர்லயும் ஓடுது, முந்தியிலயும் ஓடுது. பார்டர்ல உரியறது முந்தியில மட்டும் உரியாதா? சந்தோஷம் துக்கம் எல்லாம் எங்க நெய்யறமோ, அங்கயும் உரியுது. அதுக்கும் மாத்திர சாப்பிடறா. வாரா வாரம் போயி பேசிகினு வருவா. பைத்தியம்னு எவனாவது சொன்னா, அவன் ஊட்டுப் பாவுக்கு நான் கை குடுக்க மாட்டேன்."

பாவு காய்ந்துகொண்டிருந்தது. மச்சான் மட்டும் தயங்கித் தயங்கி, "அப்போ பாப்பா, ரெண்டு மாசமா நான் தூக்குல கொண்டாந்த சூப்பு?" என்றார்.

"அப்பாதான் குடிச்சாரு மாமா. நான் ஒரு நாள்கூட குடிக்கல" என்றாள். "அவரு முட்டிவலி நல்லா ஆயிடுச்சு. படி ஏறும்போது பாக்கறேனே."

தெருவே சிரித்தது. சிரிப்பில் நூல் ஆடி மூன்று இழை அறுந்தது. நான் திட்டிக்கொண்டே முடிச்சுப் போடத் திரும்பினேன். அப்போது என் பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. எத்தனை நாளாயிற்று என்று எண்ணத் தெரியவில்லை. நான் குனிந்து முடிச்சே போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று இழைக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆகவில்லை. மாத்திரை கேட்க வாரங்கள் ஆயின. ஒரு தடவை மாற்றி எழுதினார்கள். இப்போதும் சில நாள் அவள் அறைக் கதவு சாத்தியே இருக்கும். அந்த நாட்களில் நான் பழைய கதை சொல்வதில்லை. ஏ.சி. ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன், சில சமயம் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். நல்ல நாட்களில் காலையில் மூன்று மணி நேரம் டிசைன் போடுகிறாள். நோட்டுப் புத்தகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். என்ன என்று கேட்டால், "உனுக்கு எதுக்குப்பா?" என்கிறாள். அவள் சொல்லாதவரை எனக்கு நிம்மதி. வரன் ஒன்றிரண்டு நின்றுபோயிற்று. போகட்டும் என்றாள், போகட்டும் என்றேன்.

இப்போது என் வழக்கு. டாக்டரம்மாவிடம் என் பெண் ஜரிகைக் கதையைச் சொல்லியிருக்கிறாள். அவருக்குப் பிடித்துப்போய், நோயாளிகளுக்குத் தமிழில் ஒரு படம் வரைந்து தரச் சொன்னார். என் பெண் கம்ப்யூட்டரின் மேல் கிடந்த துணியை எடுத்தது அன்றைக்குத்தான். முந்தி, பார்டர், உரிந்த ஜரிகை, மனசுக்கும் வைத்தியம் உண்டு என்ற வரி, எல்லாம் அதில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடத்தில் பெரிதாக ஒட்டியிருக்கிறார்கள். நரம்பு டாக்டர்கூட இப்போது ஒயரை விட்டுவிட்டு ஜரிகை என்றுதான் சொல்கிறார், என் காதால் கேட்டேன். படத்துக்குக் கீழே அவள் பெயர் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். அவள் பெயரை அந்தச் சுவரில் பார்த்தபோது நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்பது இங்கே தேவையில்லை.

ஆனால் ஜரிகை யாருடையது? சம்பந்தப்பட்டவர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது இதுதான். அவள் பெயருக்குக் கீழே ஒரு வரி அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது. போன வாரம் விரலால் அளந்து பார்த்துவிட்டேன். 'உவமை: இவருடைய அப்பா' என்று எழுதினால் சரியாக அடங்கும். எழுதுங்கள். சூப்புக்காக மச்சானும் தன் பெயரைப் போடச் சொல்கிறார். அதற்கு இடம் இல்லை.